முதலாளியின் பிரஷர்

“மிஷின் எவ்வளவு காட்டினா என்ன? நீ இருநூறுன்னு சத்தமா சொல்லிடு சிஸ்டர். பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும்” என்று நர்ஸின் காதோரம் கிசுகிசுத்தாள் உதவிக்குக் கூட வந்திருந்த ஆயாம்மா.

நர்ஸ் பிரஷர் மிஷினின் கைப்பட்டையை நீவி மேஜைமேல் வைத்தாள். இந்தக் கம்பெனியில்தான் மருத்துவ முகாம் என்று சொல்லி சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பியபோதே அவளுக்கும் அதே யோசனை வந்திருந்தது.

அட்டைப்பெட்டி கம்பெனியின் சரக்குக் கொட்டகையில் ‘இதயம் காப்போம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதில் இதயம் எலுமிச்சம்பழ அளவு, முதலாளியின் முகம் பூசணிக்காய் அளவு. தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பிரஷர் பார்த்தால் ‘தொழிலாளர் நலக் காவலர்’ விருது நிச்சயம் என்று யாரோ அவரை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

காவலரின் லட்சணம் நர்ஸுக்குத் தெரியும். அவள் கணவன் இங்கேதான் வெட்டு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் ஒருநாள் பின்மண்டை வலி தாங்காமல் முதலாளியின் அறை வாசலில் போய் நின்று, அரை நாள் லீவு கேட்டான்.

“வெறும் தலைவலிதானே? போய் வேலையைப் பாருய்யா” என்றார் முதலாளி. பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் அவளிடம் வந்து சொன்னது இது.

அவன் போய் வேலையைப் பார்த்தான். சாயங்காலம் சங்கு ஊதியபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் அதன் காலடியில் கிடந்தான். பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, காலையிலேயே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கம்பெனியிலிருந்து மலர் வளையம் வந்தது. அதில் செத்தவன் பேரைவிடக் கம்பெனி பேர் பெரிதாக இருந்தது.

மைக்கில் முதலாளி முழங்கிக்கொண்டிருந்தார்.

“என் தொழிலாளிங்க எல்லாரும் என் பிள்ளைங்க!”

பிள்ளைகள் வெயிலில் நின்று கைதட்டினார்கள். அப்பா மின்விசிறிக்கு நேரே நின்றும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பிரஷர், சுகர் எல்லாம் சோம்பேறிங்களுக்கு வர்றது. எனக்கு ஒண்ணுமே கிடையாது. ஏன் தெரியுமா? இதுவரைக்கும் நான் டெஸ்ட்டே பண்ணிக்கிட்டதில்லை!”

மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார், எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார்.

“தலைவன்னா முன்னாடி நிக்கணும். அதனால முதல் டெஸ்ட் எனக்கு!” என்று மேடையிலிருந்து இறங்கி வந்து நர்ஸின் எதிரில் உட்கார்ந்தார் முதலாளி.

“எதுக்கு சார் டெஸ்ட்? உங்க கையை வச்சாலே மிஷின் பயந்துபோய் நார்மல்னு காட்டிடும்” என்றார் மேனேஜர்.

போட்டோகிராபர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். “மிஷினோட மூடி சார் முகத்தை மறைக்குதும்மா. அந்தப் பக்கமா திருப்பி வைங்க!”

“ஆமாமா, நல்லாத் திருப்பு. நாளைக்குப் பேப்பர்ல மிஷினா வரப்போகுது? நான்தானே வரப்போறேன்” என்றார் முதலாளி.

நர்ஸ் திருப்பி வைத்தாள். இப்போது பாதரசம் ஏறுவதும் இறங்குவதும் அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டே முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். “உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?”

“இங்க ஒரே ஒரு தடவை வந்திருக்கேன் சார். உங்ககிட்ட வேலை பார்த்த ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக.”

“சந்தோஷம், சந்தோஷம்” என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

அவள் பட்டையைச் சுற்றினாள். அவர் மைக் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, காலையிலேருந்து பின்மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணு வேற கொஞ்சம் மங்கலா இருக்கு. வெயிலா இருக்குமோ? சத்தமா சொல்லாதே.”

காற்றடிக்கும் ரப்பர் குமிழில் அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அழுத்தத் தொடங்கின.

பாதரசத்தை இருநூறு வரை ஏற்றி ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். அங்கேயே துடிப்பு கேட்டது. இன்னும் ஏற்றினாள். இருநூற்று இருபதிலும் கேட்டது.

பட்டையை அவிழ்த்து, மறுபடி சுற்றி, மறுபடி பார்த்தாள். மாற்றமில்லை. பொய் சொல்லவே தேவையில்லை. இந்த ஆள் இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். அவள் வாயைத் திறந்தால் போதும், இந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

“என்னம்மா இவ்வளவு நேரம்?” முதலாளியின் சிரிப்பு லேசாக ஆட்டம் கண்டது.

நிருபர் ஒருவர் மைக்கை நர்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். “சாருக்குப் பிரஷர் எவ்வளவு சிஸ்டர்?”

வெயிலில் நின்ற தொழிலாளிகள் எட்டிப் பார்த்தார்கள். வெட்டு மிஷின் பகுதி ஆட்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஆயாம்மா அவள் முதுகில் விரலால் குத்திக் கிசுகிசுத்தாள். “இருநூறு! சொல்லு சிஸ்டர்!”

நர்ஸ் பட்டையை நிதானமாகச் சுருட்டினாள். பாதரசம் அடிக்கு இறங்கும்வரை காத்திருந்து மிஷினை மூடினாள். முதலாளியின் முகத்தைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

“நூத்தியிருபதுக்கு எண்பது. வெறும் தலைவலிதான் சார், போய் வேலையைப் பாருங்க.”