யாருக்கு இந்த மணை?

ஆப்பிரிக்க நகரமான குமாசியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற க்வாசிக்கு இப்போது உளியும் இழைப்புளியும்தான் பொழுதுபோக்கு. தானே குடைந்த மர மணையை வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மகள் அபேனா இடுப்பில் கைவைத்து நின்றாள். "கட்டிக்கப் போறவளுக்குத்தானே இப்படி மணை குடுப்பாங்க? யாருப்பா அது?"

"வருவா, பாரு."

"அறுபது வயசுல மாப்பிள்ளை! அம்மா உங்களை விட்டுட்டுப் போனதும் குளிர் விட்டுப் போச்சு. உங்க குறட்டை அவங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"ஐயோ! சரி, சம்மதிப்பாங்களா?"

"எழுந்ததும் மணையைச் சாய்ச்சு வச்சா சம்மதம். தன் இடத்துல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு அர்த்தம். அப்படியே விட்டுட்டுப் போனா, நான் உள்ள போய் அழுதுக்கறேன்."

கேட் திறந்தது. வந்தவள் மணையில் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குக் குடுத்த மணையும் இப்படித்தான் ஆடுச்சு. இன்னும் கை தேறலையே உங்களுக்கு!"

"அம்மா!" என்று கத்தினாள் அபேனா.

அம்மா செர்வா மணையிலிருந்து எழுந்தாள். க்வாசி மூச்சை அடக்கிக்கொண்டார். கேட் வரை போனவள் திரும்பி வந்து, மணையைச் சாய்த்து வைத்தாள்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழங்கு வேகவச்சு ஃபூஃபூ இடிக்கணும். உலக்கையை எடுங்க."