பதினேழு செத்த காலை

எல்லாம் செத்திருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தட்டின் அடியில் ஒட்டிப் பரவிக் கிடக்க வேண்டிய செல்கள், உருண்டு சுருங்கி மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடப் பாக்கியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அடையாறில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் மாடியில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. "ஐயோ சாமி!" என்று தனியாகக் கத்தினேன்.

பதினேழு என்பது ஒரு நோயாளியின் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்து நாங்கள் வளர்க்கும் செல். ஆஸ்பத்திரியிலிருந்து எண் மட்டும்தான் வரும். பேர் கேட்கக் கூடாது, அது சட்டம். நானாகவே அதற்கு 'மாமனார்' என்று பேர் வைத்திருந்தேன். என் மாமனாரும் அப்படித்தான், என்ன சொன்னாலும் அசைய மாட்டார்.

மற்ற செல்கள் கீமோ மருந்து பட்டதும் சாகும். பதினேழிடம் ஒரு நொதி ஏகத்துக்கு இருந்தது. அது சர்க்கரையை வேறு வழியில் திருப்பிவிட்டு, அதிலிருந்தே மருந்தை முறிக்கும் சரக்கைத் தயாரித்துக்கொள்ளும். மருந்தையும் குடித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

அந்த நொதியை முடக்கத்தான் ஒன்றரை வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். "இந்தத் தடவையும் சாகலைன்னா பதினேழை மூடிடு, ஸ்ரீலக்ஷ்மி" என்று போன வாரம் டைரக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அவசரப்படக் கூடாதென்று பக்கத்துத் தட்டுகளையும் பார்த்தேன். கீமோ மருந்து மட்டும் ஊற்றியதில் பதினேழு சௌக்கியம். நொதியை மட்டும் முடக்கியதிலும் சௌக்கியம். இரண்டையும் சேர்த்துச் செய்ததில்தான் ஆள் காலி.

டைரக்டர் போனை எடுக்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் லூர்துசாமி இருப்பார். இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.

பட்டினப்பாக்கத்துக்காரர். அறுபதை நெருங்குகிறவர். நான் சாயங்காலம் படியிறங்கும்போது பதினேழைத் திட்டிக்கொண்டேதான் வருவேன். சனியன், பீடை, கட்டையில போற தரித்திரம், எங்கிருந்துதான் வந்து வாய்த்ததோ என்று என் வாயில் வராத வசவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். மறுநாள் நான் மறந்தாலும், "இன்னாம்மா, பதினேழு போச்சா?" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

"லூர்து அண்ணா! பதினேழு காலி!"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மெய்யாலுமா?"

"ஒண்ணு விடாம."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டில் செல் செத்ததற்கு வாட்ச்மேன் எதற்கு அழ வேண்டும்?

திரும்பி, சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு வைக்கிற பை.

"நாந்தாம்மா அந்தப் பதினேழு. ஆப்ரேசனப்போ கையெழுத்து வாங்குன காயிதத்துல நம்பரும் இந்த எடத்துப் பேரும் போட்டிருந்துச்சு. ஏஜென்சிக்காரன் டி.நகர்ல துணிக்கடை டூட்டிதான் குடுத்தான். நாந்தான் கெஞ்சி இங்க வாங்கிக்கினு வந்தேன். அத்தினி கீமோ ஏத்தியும் சாவாதது எப்பத்தான் சாவுதுன்னு பாக்கணும்ல?"

நான் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அட, நீ வேற. நீ திட்டத் திட்ட இங்க குளுகுளுன்னு இருக்கும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மாமனார் என்று பேர் வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

இது மருந்தாகி வெளியே வர இன்னும் பத்து வருஷமாவது ஆகும் என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு? வெட்டிப் போட்டு நாலு வருசம் ஆச்சு, நான் நல்லாத்தான் கீறேன். இனிமே வர்றவனாவது பையோட சுத்தாம இருந்தா சரி."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது எங்கள் இன்னொரு சட்டம். அன்றைக்கு அதை மீறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, என் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கை பாதிதான் நுழைந்தது. மைக்ராஸ்கோப்பை அவர் கண்ணுக்குத் திருகிக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"இம்மாத்தூண்டா கீற நீ?" என்றார் அதனிடம். "போயும் போயும் உனக்கா நான் பயந்தேன்!"