லைட் எரிகிற கீபோர்டு

“விலை கம்மியா இருக்கணும், லைட் எரியணும், கேம் விளையாட சரியா வரணும். மௌஸும் சேத்துக் குடுங்க” என்றாள் குந்தவை.

தஞ்சாவூர்க் கடைக்காரர் நௌஷாத் அவளைப் பார்த்தார். கூடையோடு பின்னால் நின்ற அவள் மாமியார் தர்மாம்பாளையும் பார்த்தார். பையனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள் குந்தவை, சண்டைக்கு வந்தவள் போல.

சண்டைதான். கணவன் பிரபு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து, தினமும் அறைக்குத் திரும்பியதும் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவான். ஆண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஆடியவரை குந்தவைக்கு ஒன்றுமில்லை. இப்போது அந்தக் கூட்டத்தில் நிலா என்று ஒருத்தி சேர்ந்திருந்தாள்.

“நம்ம ஊர்ப் பக்கம்தானாம். என்னமா ஆடுறாங்க தெரியுமா? லைட் எரியிற கீபோர்டுல ஆடுறாங்களாம்” என்று பிரபுவே போனில் சொன்னான். கட்டின பெண்டாட்டியிடம் இன்னொருத்தியைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்றுகூடத் தெரியாத வெகுளி. அன்றிலிருந்து குந்தவைக்குச் சோறு இறங்கவில்லை.

பிரபுவின் பழைய கம்ப்யூட்டர் வலங்கைமான் வீட்டில் சும்மாதான் கிடந்தது. கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை. புதிதாக ஒன்று வாங்கி, ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, அதே கூட்டத்தில் புகுந்து அந்த நிலா யாரென்று பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

நௌஷாத் நாலைந்து பெட்டிகளைத் திறந்து வைத்தார். டிக் டிக்கென்று சத்தம் வரும் கீபோர்டு விலை கூட, புதிதாக ஆடுபவர்களுக்கு ரப்பர் வைத்ததே போதும், மௌஸ் மட்டும் ஒயர் உள்ளதாக இருக்கட்டும் என்றார். குந்தவையின் கண் வானவில் மாதிரி ஓடிய விளக்குகளில்தான் இருந்தது. அவளுடையதைவிட இது பளிச்சென்று எரியுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். எவளுடையதைவிட என்று அவர் கேட்கவில்லை.

தர்மாம்பாள் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள்.

“லைட்டுல என்னம்மா இருக்கு? பட்டன் அமுங்குனா சட்டுனு மேல வரணும்.”

மிக்ஸி வாங்கப் போனபோதும் இதையேதான் சொன்னாள். குந்தவை காதில் வாங்காமல் வானவில்லையே எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனது தாங்காமல் மாமியாரிடம் நிலாவைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். தர்மாம்பாள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

“நல்லா ஆடுறாளாமா? பிரபுவே சொன்னானா?”

குந்தவைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனைக் கண்டிப்பாள் என்று பார்த்தால் இப்படிக் கேட்கிறாளே. பிரபு போன் செய்தால் அம்மாவிடம் ‘மாத்திரை போட்டியா’ என்று ஒரு வார்த்தை கேட்பான், மீதிப் பேச்செல்லாம் குந்தவையோடுதான். அந்த வயிற்றெரிச்சல், மருமகள் அழுதால் மாமியாருக்குக் குளிரத்தானே செய்யும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் பழக மாமியார் இல்லாத நேரம் வசதியாக இருந்தது. தர்மாம்பாள் தினமும் விளக்கு வைத்ததும் சிவன் கோயிலுக்குப் போய்விடுவாள். எதிரே கேம் சென்டர் திறந்ததிலிருந்து ஒரே இரைச்சல், நிம்மதியாகச் சாமி கும்பிட முடியவில்லை என்று புலம்பிக்கொண்டேதான் போவாள். அவள் தலை மறைந்ததும் குந்தவை, தான் யாரென்று பிரபுவுக்குக் காட்டிக்கொள்ளாமல், ‘புலி’ என்ற பெயரில் அந்தக் கூட்டத்துக்குள் நுழைவாள்.

புலி முதலில் சுடப்பட்டுச் செத்தது. அடுத்த ஆட்டத்திலும் செத்தது. நிலாதான் ஓடிவந்து காப்பாற்றினாள், அது இன்னும் எரிந்தது. அதைவிட எரிந்தது வேறொன்று. ஆட்டம் தொடங்குமுன் நிலா பிரபுவுக்குத் தவறாமல் ஒரு வரி எழுதுவாள்: ‘சாப்பிட்டீங்களா?’

என் புருஷன் சாப்பிட்டால் இவளுக்கென்ன, சாப்பிடாவிட்டால் இவளுக்கென்ன?

அந்தச் சமயம் பங்காளி வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். தீட்டு. கருமாதி முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்பதால் தர்மாம்பாள் வீட்டிலேயே கிடந்து, எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தாள். குந்தவைக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம், ஏனென்றால் நிலாவும் ஆட்டத்துக்கு வரவில்லை என்று பிரபு போனில் சொல்லியிருந்தான். பீடை ஒழிந்தது என்று மாரியம்மனுக்கு மாவிளக்குகூட நேர்ந்துகொண்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் தர்மாம்பாள் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் புறப்பட்டாள். குந்தவை கீபோர்டைத் தட்டியெழுப்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நிலா வந்து நின்றாள்.

இத்தனை நாள் எங்கே போனீர்கள், நீங்கள் இல்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தோம் என்று பிரபு எழுதினான். வெளியே வர முடியவில்லை என்றாள் நிலா. பிறகு அதே கேள்வி. ‘சாப்பிட்டேங்க. சப்பாத்தி, முட்டைக் குழம்பு’ என்று பிரபு பதில் போட்டான்.

குந்தவைக்குக் கண் இருண்டது. எனக்கு என்றைக்காவது குழம்பின் பெயரைச் சொல்லியிருக்கிறானா? அன்று ஆட்டம் நீண்டுபோய் போனும் வரவில்லை. கீபோர்டு மட்டும் அவள் முன்னால் வானவில்லாக எரிந்துகொண்டிருந்தது.

நெற்றி நிறைய விபூதியோடு தர்மாம்பாள் திரும்பி வந்தாள். குந்தவையால் அடக்க முடியவில்லை.

“உங்க புள்ள இன்னிக்கு எனக்கு போனே பண்ணல அத்தை. சாப்பிட்டாரோ என்னவோ.”

“சாப்பிட்டுட்டான். சப்பாத்தியும் முட்டைக் குழம்பும்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிய தர்மாம்பாள், மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “முறைக்காதம்மா புலி. போன்ல அவன் பேச்சு மொத்தமும் உனக்குத்தான் போகுது. எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணுதானே கெடச்சுது.”