விரல் வைத்த இடம்

"ஆசையா படிக்கட்டும்னுதானே கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்தனுப்பறேன். இப்படியா திருப்பித் தர்றது?"

ஜூனிலிருந்து மாதத்துக்கு ஒன்றாக ஏஞ்சலின் கொண்டுபோன நான்கு புத்தகங்களையும் இரண்டாம் வகுப்பு டீச்சர் நர்மதா மேஜையில் போட்டாள். எதைப் பிரித்தாலும் கறுப்பாக விரல் அடையாளம்.

ஏஞ்சலினின் அம்மா ரோஸ்லின் அந்தக் கறைகளைக் குனிந்து பார்த்தாள்.

"அவுங்க நைனா கை டீச்சர். கும்மிடிப்பூண்டில இரும்பு கம்பெனி வேலை. எவ்ளோ சோப்பு போட்டாலும் அந்தக் கருப்பு போவ மாட்டேங்குது."

நர்மதாவின் கோபம் சட்டென்று இறங்கியது.

"அப்படியா! வேலை முடிஞ்ச களைப்போட பொண்ணுக்குக் கதை படிச்சுக் காட்டுறாரே, பெரிய விஷயம்மா."

"ஐயோ, அவரு எங்க டீச்சர் படிச்சிக் காட்டறாரு? பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவரு. இவதான் அவரப் பக்கத்துல குந்த வச்சிக்கினு, உங்கள மாதிரியே 'வெரல் வச்சிப் படி நைனா'ன்னு மெரட்டறா."

நர்மதா புத்தகங்களை மறுபடி எடுத்தாள், இம்முறை மாத வரிசையில்.

ஜூன் மாதப் புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒரு கறை. ஜூலையில் ஒவ்வொரு சொல்லின் கீழும். ஆகஸ்டில் வரியின் தொடக்கத்தில் மட்டும்.

நான்காவது புத்தகத்தை மெல்லப் பிரித்தாள்.

வரிகளுக்கு அடியில் ஒரு கறைகூட இல்லை. தாளைப் புரட்டும் மூலையில் மட்டும்தான் இருந்தது.