பயம் போட்ட தாளம்

மெர்லின் மேடைக்குப் பின்னால் ஓடியபோது டிஜே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, என்னத்தட்டி புக் பண்ணுன? கடைசி வரிசையில ரெண்டு பேரு கொறட்ட விடுதாளுவ!" என்று பதறினாள் தோழி ஜெனோவா.

டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிதான் டிஜே. எல்லார் கைப்பட்டையிலிருந்தும் நாடித்துடிப்பை எடுத்து, அதற்கேற்பப் பாட்டுக் கட்டும். பிளஸ் டூ பிரிவு விழாவுக்கு அதை அமர்த்திய மெர்லின்தான், ஆட்டத்துக்கு முன்பே பிரியாணியைப் பரிமாறச் சொன்னதும். வயிறு நிறைந்து அரங்கமே சொக்கிக் கிடந்தது.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். "இதுக்குத்தான் டான்ஸ் டான்ஸ்னு கெஞ்சுனீங்களா? இன்னும் அஞ்சு நிமிஷத்துல யாரும் ஆடலன்னா, இந்த ஸ்கூல்ல இனிமே டான்ஸே கிடையாது."

பயத்தில் மெர்லினின் நெஞ்சு படபடவென்று அடித்தது.

தாலாட்டு நின்றது. அரங்கிலேயே வேகமாகத் துடித்த அவள் நாடியைப் பெட்டி பிடித்துக்கொண்டது. திடும் திடுமென்று சுவர் அதிர, குறட்டை விட்டவர்கள் துள்ளி எழுந்தார்கள். மெர்லின் இன்னும் பயந்தாள். தாளம் இன்னும் வேகமெடுத்தது. ஜெனோவா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். தலைமை ஆசிரியையின் கால்கூடத் தாளம் தட்டியது.

முடிந்ததும் மெர்லினைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். கீழே இறங்கியவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். அது சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தது.

பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அடுத்த வருஷம் எங்க பார்ட்டிக்கும் நீங்கதான் வரணும். ஆனா, அப்பவும் இதே மாதிரி பயப்படுவீங்களாக்கா?"