ஒரே ஒரு சுற்று

"இது என்ன நவமணி, மெழுகுவத்தியா? இல்ல, சாயம் போற சேலையை ஊற வச்ச தண்ணியா?"

கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார் பாப்பம்மா. உள்ளே வெள்ளை மெழுகில் நீலமும் ஊதாவும் புகை மாதிரிச் சுருண்டு கிடந்தன.

சுங்கைப் பட்டாணி ஊரில் பாப்பம்மா நுழையாத கடை இருக்கலாம். நுழைந்த கடையில் அவர் குறை சொல்லாத பொருள் கிடையாது. மகள் ஷீலாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வருகிற முந்நூறு பேர் கையில் கொடுத்தனுப்ப டோர் கிஃப்ட் தேடி ஏழு கடை ஏறினார். சாவிக்கொத்து சின்னப்பிள்ளைச் சாமானாம். லட்டு டப்பா எறும்புக்குத்தானாம். ஏழையும் திட்டி முடித்து, எட்டாவதாக நவமணியின் பரிசுக் கடையில் வந்து நின்றார்.

"கையால செய்யறதுக்கா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது," என்றாள் நவமணி.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு செய்யத் தெரியலன்னு சொல்லு."

நவமணி சிரித்து வைத்தாள். முந்நூறு குவளை. இந்த ஆர்டர் கிடைத்தே ஆக வேண்டும்.

"சுலபமில்லக்கா. மெழுகு ரொம்பச் சூடா இருக்கும்போது சாயத்தை விட்டா, எல்லாம் கலந்து சேறாயிடும். ஆறிப்போச்சுன்னா நகராது. ஓரத்துல லேசா ஆடை கட்டும் பாருங்க, அப்ப நாலு சொட்டுச் சாயம் விட்டு, சாத்தே இறைச்சி குத்துற குச்சியால ஒரே ஒரு சுத்து. ஆசைப்பட்டு ரெண்டாவது சுத்து சுத்தினா போச்சு."

"ஒரு சுத்து சுத்துறதெல்லாம் ஒரு வேலையா? நான் மைலோ கலக்கவே இருபது சுத்து சுத்துறேன் லா. எனக்கு யாரு ஆர்டர் குடுத்தா?"

அடுத்த குவளையை எடுத்து முகர்ந்தார். மல்லிகை வாசனை. முகத்தைச் சுளித்தார்.

"கரண்டு போனா ஏத்துற சாமானுக்குப் பூ வாசம் ஒரு கேடு. சரி, நம்ம ஆளுங்க தீபத்தை வாயால ஊத மாட்டாங்களே, இதை எப்படி அணைக்கறது?"

"மூடி இருக்குக்கா. மூடி வச்சா தானா அணைஞ்சிரும்."

"அதுக்கும் ஒரு பதில் வச்சிருக்க." பாப்பம்மாவுக்கு ஏமாற்றம். "யாரு செய்யறா இத? வீட்டுல சும்மா உக்காந்திருக்கிற பொம்பளையாத்தான் இருக்கும். புருஷன் சம்பாதிச்சுப் போடுவான், இவ மெழுகை உருக்கி விளையாடுவா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் மகன் குணாளனைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார் என்று அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும்.

"உழைப்புன்னா என்னன்னு என் மகனைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். கூலிம்ல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். விடியறதுக்கு முன்னாடி யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குக் கெளம்பிருவான். நகத்துல ஏறின கறை எந்தச் சோப்புக்கும் போகாது. மெஷின் கறை! அதுதான் லா கை. இந்தக் குச்சி சுத்துறவ கை எப்படி இருக்கும்? வெண்ணெய் மாதிரி இருக்கும்."

நவமணி குவளைகளை நேராக அடுக்கினாள்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவங்களுக்கு நாலு மாசமா வேலை இல்ல. இதத்தான் நம்பி இருக்காங்க. உங்க ஆர்டர் கிடைச்சா பொழைச்சுக்குவாங்க. இல்லன்னா சிங்கப்பூருக்குக் கெளம்பிடறதாச் சொல்லிட்டாங்க."

"போகட்டுமே. இங்க யாரு அழப் போறா?"

பின்னறையில் ஏதோ கண்ணாடி உருண்டது.

"என்ன அது?"

"பூனைக்கா."

"பூனையை வளத்துக்கிட்டுக் கண்ணாடிச் சாமான் விக்கிற. நல்ல வியாபாரம்!"

பாப்பம்மா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்விட்டார். நவமணி விடவில்லை. கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள்.

"ஜித்ராவுல உங்க சம்பந்தி வீட்டுல நிச்சயதார்த்தத்துக்குச் சோப்பு குடுத்தாங்களாமே. ரோஜாப்பூ வடிவத்துல. எல்லாரும் பேசிக்கிறாங்க."

பாப்பம்மாவின் கால் நின்றது. அந்தச் சோப்பை ஊர் மெச்சியது அவருக்கு இன்னும் ஆறவில்லை. திரும்பி வந்து, சாயத் தண்ணி என்று திட்டிய அதே குவளையை மறுபடியும் கையில் எடுத்தார்.

"சிவப்பும் மஞ்சளும் சுத்த முடியுமா?"

"முடியும்க்கா. பட்டுச்சேலை மடிப்பு மாதிரி வரும்."

"முந்நூறு வேணும். ஒண்ணு சேறானாலும் முந்நூறும் திரும்பி வரும், ஆமா." விரலை ஆட்டினார். "அப்புறம், இதைச் செய்யறவ மண்டபத்துக்கு வந்து, நான்தான் செஞ்சேன்னு பேர் அட்டையை நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி எனக்குக் கேவலம். கல்யாணத்தன்னிக்கு அந்த முகத்தை நான் மண்டபத்துல பாக்கவே கூடாது. சொல்லிரு."

"சொல்லிடறேன்க்கா."

பாப்பம்மாவின் கார் முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, நவமணி பின்னறைக் கதவைத் திறந்தாள். மெழுகு உருக்கும் பானைக்குப் பக்கத்தில், நகமெல்லாம் நீலக் கறையோடு, சாத்தே குச்சியும் கையுமாகக் குந்தியிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆர்டர் கிடைச்சிருச்சு குணாளா. ஆனா, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டும் நீ வரக் கூடாதாம். உங்கம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."