பக்கத்து வீட்டு முயல்கறி

பக்கத்து வீட்டில் மறுபடியும் முயல்கறி மணத்தது. கன்னியம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"பூங்காவனத்தோட புருஷன் வாரம் தவறாம முயலு, கௌதாரின்னு கொண்டாறாரு. நீயும் அதே பூதிகோட்டை ரோட்டுலதானே சுரங்கத்துக்கு வெறகு வண்டி ஓட்டறே? வெறுங்கையோட வர்றியே," என்றாள் புருஷனிடம்.

ஏகாம்பரம் களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுக்கும் பொறாமைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிணற்றடியில் பூங்காவனத்தை மடக்கினாள். "உன் வூட்டுக்காரரு வலை போடறாரா, கண்ணி வைக்கிறாரா?"

"அவுரு எங்கக்கா வேட்டையாடறாரு? வரிசையா போற பதினாறு வண்டியில அவுருதுதான் கடைசி. விடியக்கருக்கல்ல லாந்தர் வெளிச்சத்துக்கு மெரண்டு முயலு நடுரோட்டுலயே நின்னுடுது. முதல் வண்டி அது மேல ஏறிட்டுப் போயிடும். இவுரு பொறுக்கிக்கினு வர்றாரு."

"முதல் வண்டி யாருது?"

"உங்க வூட்டுதுதான்."

இத்தனை நாளாக அவர்கள் தின்றது தன் வீட்டு முயலையா? சாயங்காலம் ஏகாம்பரம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிய ஏத்தறது நீ, துன்றது அவங்களா? எறங்கி எடுத்தா இன்னா?"

அவன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்.

"கடைசி வண்டி வர்றதுக்குள்ள அது செத்துடும். நான் எறங்கினா அது உயிரோட துடிக்கறத இல்ல பாக்கணும்."